புதுச்சொல்

நிலக்ஷி போனை அண்ணனின் வாயருகே பிடித்திருந்தாள். கை வலித்ததும் மறுகைக்கு மாற்றினாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறைக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தான் கிஷாந்த்.

பிள்ளைகள் தமிழிலேயே கணினி நிரல் எழுதுவதற்காக அவன் உண்டாக்கிய மொழி ‘அடுக்கு’. எல்லாப் பாடசாலைகளுக்கும் அதை ஒரே சீராக்கக் கொழும்பில் ஒரு குழு கூடியிருந்தது. இறுதி வரைவில் ஒரு கட்டளையை நீக்கியிருந்தார்கள்: ‘புதுச்சொல்’. அதை வைத்து எந்தப் பிள்ளையும் தன் சொல்லை அந்த மொழிக்குள் சேர்க்கலாம். அக்கரப்பத்தனையில் நிலக்ஷியிடம் படிக்கும் ஒரு சிறுமி ‘சாக்குக்கழிவு’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தாள். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையிலிருந்து சாக்கின் நிறையை அது கழித்துத் தரும்.

“தம்பி, கேக்குதோ?” குழுத் தலைவர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். “ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன்ர சொல்லைச் சேர்த்தா, பரீட்சைத் தாளை ஆர் திருத்துறது? ஒரு மொழி பத்து மொழியாப் போயிடும்.”

கிஷாந்த் உதட்டை நனைத்துக்கொண்டான். “புதுச்சொல்லயும்... பழைய சொல்ல வச்சுத்தானே ஐயா எழுதுறாங்க. பிரிச்சுப் பாத்தா... தெரிஞ்சிரும்.”

மூச்சு இழுத்தது.

“போதும்ண்ணே. நான் சொல்றேன்.”

அவன் கண்ணை அவள்மேல் வைத்தான்.

“ஐயா, இருக்கிற சொல்லயெல்லாம் ஒண்ணாக்கிக்கிங்க. பிள்ளைங்க சேக்கிற வழிய மட்டும் அடைச்சிறாதீங்க. அண்ணே அதத்தான் சொல்லுது.”

மறுமுனையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“வாக்கெடுப்புக்கு விடுவம், பிள்ளை. அவரைப் படுக்கச் சொல்லுங்கோ.”

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அம்மா வீரம்மா கரண்டியில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி புகட்டினாள்.

“குடி சாமி.”

மறுபடி வழிந்தது.

“வேணாம்மா” என்றாள் நிலக்ஷி. வீரம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் மழை. சாவுக்குத் தப்படிக்க வந்தவர்கள் கடதாசியைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். பேரின்பநாயகம் பஸ்ஸில் வந்து இறங்கி, முழங்கால்வரை சேறோடு வாசலில் நின்றார். நிலக்ஷி அவரிடம் போனாள்.

“முடிவு என்னாச்சுங்க ஐயா?”

“பின்னிணைப்பில போட்டிருக்கினம். விரும்பின பள்ளிக்கூடம் பாவிக்கலாம்.”

“பரீட்சையில?”

“இல்லை.”

“பரீட்சையில இல்லாதத எந்த ஸ்கூல்லங்க சொல்லிக் குடுப்பாங்க?”

அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசியா நானும் தம்பியின்ர பக்கம்தான் கை உயர்த்தினனான், பிள்ளை. வாக்குப் போதாமப் போச்சு.”

அவள் அவருடைய சேற்றுக் காலைப் பார்த்தாள்.

“டீ குடிச்சீங்களா ஐயா?” என்றாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட்டார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. முதல் திருப்பத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, பெட்டி சாய்ந்தது. பின்னால் போன பேரின்பநாயகம் குடையை விட்டுவிட்டு ஓடித் தோள் கொடுத்தார். பழகாத தோள். மற்றவர்கள் அவருக்காக நடையைக் குறைத்தார்கள்.

அவர்கள் இறக்கத்தில் மறைந்த பிறகும் நிலக்ஷி அங்கேயே நின்றாள். குடை தேயிலைச் செடிமேல் மல்லாந்து கிடந்தது. அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது.