உறுமி முதலில் வந்த வீடு

லிண்டன்ஹைம் ஊரில், வருடத்தின் கடைசி நாளன்று உறுமி மேளக் கூட்டம் எந்த வீட்டுக்கு முதலில் வருகிறதோ, அந்த வீட்டுக்குத்தான் அந்த வருடத்தின் முதல் மரியாதை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். 1925-இல் அந்த மரியாதை இஸ்பிரான்ட் ஹெப்னர் வீட்டுக்கு என்று முடிவாயிற்று. மகிழ்ச்சியை முகத்தில் காட்டுவது ஹெப்னர் பரம்பரையில் வழக்கமில்லை. ஆகவே அவர் தொழுவத்துக்குப் போய்க் குதிரைகளிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் பனியை இரண்டு முறை தள்ளினார். பன்றித்தொடையைத் தானே அறுத்து மேஜையில் வைத்தார். அடுப்படியில் அவர் மனைவி அகனேதாவும், அக்கா மகள் யுஸ்தினாவும் உலர்திராட்சை போட்ட புத்தாண்டுப் பணியாரத்தைக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் மூவரும் வெந்தது பாதி வேகாதது பாதியாகத் திருடித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, கொஞ்சம் உட்காருங்களேன். வர்றது உறுமிதான், ராஜா இல்ல" என்றாள் அகனேதா.

"நான் நின்னா உனக்கு என்ன?"

அவர் நின்றதற்குக் காரணம் இருந்தது. வருகிற சனிக்கிழமை பள்ளிக் கூட்டம். யுஸ்தினாவின் வேலை நிலைக்குமா போகுமா என்பது அன்று தெரிந்துவிடும். அவள் ரஷ்யாவிலிருந்து கப்பலேறி இந்த மானிட்டோபாவுக்கு வந்து ஒன்றரை வருடந்தான் ஆகிறது. அங்கே உள்நாட்டுப் போர் அவளுடைய அப்பாவையும் அண்ணன்களையும் தின்றது. பின்னால் வந்த காய்ச்சல் அம்மாவை, அதாவது ஊர் முழுக்க முன்னொரு காலத்தில் அங்கிருந்து கப்பலேறியபோது அங்கேயே தங்கிவிட்ட இஸ்பிரான்டின் அக்காவைக் கொண்டுபோயிற்று. வந்த வேகத்தில் இங்கிலீஷ் படித்துத் தேறி, ஊர்ப் பள்ளியில் வாத்தியார் நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். அவளுக்கு முன் இரண்டு ஆண் வாத்தியார்கள் கடைசி பெஞ்சுத் தடியன்களுக்குப் பயந்து ஓடியிருந்தார்கள்.

"அந்த முரட்டுக் காளைங்கள ஒரு பொண்ணு மேய்ச்சுடுவாளா?" என்று ஊர்த்தலைவர் கொர்னேலியுஸ் சவாட்ஸ்கி ஊர்க்கூட்டத்திலேயே கேட்டார்.

இஸ்பிரான்ட் எழுந்து நின்றார். "அவ யார் தெரியுமில்ல? இஸ்பிரான்ட் ஹெப்னரோட அக்கா மக. நிப்பா."

அந்த வார்த்தை இப்போது ஊர் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சவாட்ஸ்கி கை தூக்காவிட்டால், ஹெப்னர் சொல் காற்றோடு போகும். யுஸ்தினா வின்னிப்பெக் நகரத்தில் யார் வீட்டிலோ தரை துடைக்கப் போவாள். உறுமிக் கூட்டத்தோடு சவாட்ஸ்கியும் வருவார், பணியாரம் தின்பார், மனம் இளகுவார் என்பது இஸ்பிரான்டின் கணக்கு.

கணக்கில் ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட்டார். உறுமி என்றால் என்னவென்று யுஸ்தினாவிடம் அவர் சொல்லவில்லை. போன வருடக் கடைசியில் பனிப்புயல் அடித்ததால் உறுமி எந்த வீட்டுக்கும் போகவில்லை. வந்த நாளிலிருந்து அவள் பட்டதையும் அவர் கேட்டதில்லை. அழுகைக் கதைகள் ஹெப்னர் வீட்டு மேஜையில் பேசப்படுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவளும் பேசவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரம். வாசலுக்கு வெளியே திடீரென்று ஒரு முழக்கம் எழுந்தது. அதுதான் உறுமி: பீப்பாயின் வாயில் இழுத்துக் கட்டிய கன்றுத்தோல், அதன் நடுவில் ஒரு கொத்துக் குதிரைவால் மயிர், அதை ஈரக்கையால் உருவும் இளவட்டம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இஸ்பிரான்டின் நெஞ்சு பூரித்தது.

"வந்துட்டாங்க!" என்று திரும்பினார்.

யுஸ்தினா அங்கே இல்லை. அடுப்படித் தரைப்பலகையைத் தூக்கி, பேரப்பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கீழ் அறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடக் கூடாது. நான் கூப்பிடற வரைக்கும் வரக் கூடாது" என்றாள். பலகையை மூடினாள், மேலே பாயை இழுத்துப் போட்டாள். பிறகு இஸ்பிரான்டின் கோட்டை உரித்து மூலையில் எறிந்தாள்.

"மாமா, நீங்க வாயே திறக்காதீங்க. பேசறது நான்."

"என்னடி இது..."

கதவு படாரென்று திறந்தது. முகத்தில் கரி, மாவு, துணி முகமூடி. ஒருவன் பெண்வேஷம், ஒருவன் தாடிக்கார வியாபாரி. முன்னால் நின்றவன் ஆட்டுத்தோல் தொப்பியும் ரஷ்யப் பட்டாளக் கோட்டும் போட்டு, மரவாளை ஆட்டிக்கொண்டு "ஹோய்!" என்றான். உறுமி இன்னொரு முறை கர்ஜித்தது.

யுஸ்தினா அவர்களுக்கு நேராகப் போய் நின்றாள். குரல் உயரவில்லை. ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னாள். பட்டாளக்காரன் கையிலிருந்த வாளை, குழந்தையிடமிருந்து குச்சியைப் பிடுங்குவதுபோல வாங்கி வாசற்படியில் வைத்தாள். சுவரோரப் பெஞ்சைக் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் இளித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். தட்டுத் தட்டாக இறைச்சியும் பணியாரமும் வைத்தாள். பிறகு இஸ்பிரான்டுக்கு முன்னால் வந்து, அவரை முழுக்க மறைத்து நின்று, தன் நெஞ்சில் கை வைத்து மறுபடியும் ஏதோ சொன்னாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

இளிப்பு நின்றது.

பட்டாளக்காரன் மெல்ல எழுந்து முகமூடியைக் கழற்றினான். உள்ளே சவாட்ஸ்கி! அறுபத்தெட்டு வயதிலும் வேஷ ஆசை விடாத ஊர்த்தலைவர். வாலிபத்தில் ரஷ்யாவில் வண்டிக்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றியவர் அவர், அவருக்கு அந்தப் பேச்சு புரிந்தது.

"இஸ்பிரான்ட்" என்றார். "என்ன சொல்றா தெரியுமா? 'இந்த வீடு என்னோடது. இந்தக் கிழவன் வெறும் கூலியாள், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, விட்டுடுங்க. சுடணும்னா என்னைச் சுடுங்க'ங்கறா."

முதல் மரியாதை வாங்க வேண்டிய நாளில், சொந்த வீட்டில், ஊர் முன்னால், இஸ்பிரான்ட் ஹெப்னர் கூலியாள் ஆனார். அவருக்கு அது அவமானமாகப்படவில்லை. அவர் வாழ்நாளில் அவரை யாரும் இவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்ததில்லை.

யுஸ்தினா சவாட்ஸ்கியின் நரைத்த தலையையே பார்த்தாள். "தலைவரே, நீங்களா?"

"நான்தாம்மா. இது வருஷக் கடைசி விளையாட்டு. பாட்டுப் பாடுவோம், பணியாரம் தின்போம், போயிடுவோம்."

"விளையாட்டா!" அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு யாரும் சொல்லலையே."

எல்லாக் கண்களும் இஸ்பிரான்ட் மேல் விழுந்தன.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் விறைப்பாக.

"என்னன்னு கேப்பா?" என்று பிடித்துக்கொண்டாள் அகனேதா. "'மாமா, இன்னிக்கு முகமூடிக் கொள்ளைக்காரங்க எத்தன மணிக்கு வருவாங்க'ன்னா?"

பாய்க்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல்: "டீச்சர், இப்ப மூச்சு விடலாமா?"

முதலில் சிரித்தவள் யுஸ்தினாதான். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. இடுப்பில் கட்டிய அடுப்படித் துணியில் கண்ணைத் துடைத்தாள். பிள்ளைகளை மேலே தூக்கினாள். பிறகு பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள். முகத்தில் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டது.

"பாட்டுன்னீங்களே. எங்க?"

தயங்கித் தயங்கிப் பாடினார்கள்.

"நிறுத்து! ஹைன்ரிச், மாவு பூசினா எனக்குத் தெரியாதா? கடைசி பெஞ்சுலயும் இதே இழுவைதான். தாளத்தைப் பிடி. முதல்லேர்ந்து!"

பள்ளியில் அவளுக்கு அடங்காத ஹைன்ரிச் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாட்டு கூரையைத் தட்டியது. யுஸ்தினா வாளித் தண்ணீரில் கையை முக்கி, உறுமியின் குதிரைமயிரைப் பிடித்து ஒரே உருவு உருவினாள். வீடே முழங்கிற்று. பிள்ளைகள் கூச்சலிட்டுக் குதித்தார்கள். அவள் இன்னொரு முறை உருவினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைத் தன் கைக்குள் அடக்கிவிடுகிறவள் போல.

சவாட்ஸ்கி பணியாரத்தை மென்றுகொண்டே இஸ்பிரான்டிடம் சாய்ந்தார். "முரட்டுக் காளைங்கள மேய்க்க மாட்டான்னு சொன்னேன். என்னையே பெஞ்சுல உட்கார வச்சுட்டா, வாளையும் பிடுங்கிட்டா. சனிக்கிழமை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்பேன்?"

இஸ்பிரான்ட் தலையை மட்டும் அசைத்தார். நியாயமாக அவர் அப்போது தொழுவத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"அடுத்தது எந்த வீடு?" என்று கேட்டாள் யுஸ்தினா.

"கீழ்க்கோடி. கிளாசன் வீடு, அப்புறம் அந்த விதவை ரெகேர் அம்மா வீடு."

அவள் கை மயிரை விட்டது. இருவரும் அவள் வந்த அதே கப்பலில் வந்தவர்கள். "அவங்களுக்குத் தெரியாதே" என்று சால்வையைத் தேடினாள்.

அதற்குள் கதவு திறந்து கிடந்தது.

தெருவில் ஒருநாளும் வேக நடை நடந்திராத இஸ்பிரான்ட் ஹெப்னர், கோட்டில்லாமல், தொப்பியில்லாமல், முழங்கால் பனியில் ஓடிக்கொண்டிருந்தார். வழியில் ஒருமுறை விழுந்தார், எழுந்தார், மறுபடியும் ஓடினார்.

"பயப்படாதீங்க! உறுமி வருது! வெறும் விளையாட்டு! நம்ம ஊர்ப் பசங்கதான்!"

ரெகேர் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு அணைந்தது.

"யாரது?" என்று ஒரு பயந்த குரல்.

ஹெப்னர் என்று சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெயருக்கு இந்தக் கதவு திறக்காது என்று தோன்றிற்று.

"டீச்சரோட மாமா" என்றார்.

தாழ்ப்பாள் விலகியது.