சின்னக் கடைக்கு முதலில்

என் வீட்டுக்காரர் ரஞ்சித்தும் அவருடைய நண்பர் மோகனும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்தார்கள். அதில் வரும் பேச்சையெல்லாம் எழுதியது நான். இணையத்தில் இரண்டு கடைகளில் விற்றோம். பெரிய கடையில் வாங்கினால் விளையாடும்போதும் நெட் வேண்டும். சின்னக் கடையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். நெட் நிற்காத எங்கள் மலையூர்ப் பிள்ளைகள் நெட் கிடைக்கும் அடிவார ஊரான அமிர்திக்குப் போய்ப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். ஆனால் அப்டேட் மட்டும் சின்னக் கடைக்கு மாதக்கணக்கில் தாமதமாகத்தான் போகும்.

"இந்த முறை ரெண்டுக்கும் ஒரே நாள்" என்று ரஞ்சித் சொல்லியிருந்தார். அதற்குள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் முடித்துவைத்திருந்த அப்டேட் ஃபைல் என் லேப்டாப்பில் இருந்தது. மோகன் போன் செய்தார்.

"அமிர்திக்குப் போய் அனுப்பிடுங்க அண்ணி. பெரிய கடையில இன்னிக்கே ஏத்திடுறேன். சின்னதை அப்புறம் பாத்துக்கலாம்."

"சின்னக் கடையில வாங்கினவங்க இன்னா, ஓசியிலயா வாங்கினாங்க?"

"அங்க எத்தினி பேரு இருக்காங்க? உங்க மலை பஸ்ஸே நெறையாது."

"அந்த பஸ்லதான் கெளம்புறேன் தம்பி."

அமிர்தி டீக்கடையில் உட்கார்ந்து சின்னக் கடையில் நானே ஏற்றினேன். மோகன் அழைத்துக்கொண்டே இருந்தார். ஏறி முடிந்த பிறகுதான் எடுத்தேன்.

"ஏறிடுச்சு. இப்ப உங்களுக்கு அனுப்புறேன். இந்த ஒரு தடவை பெரிய கடையில வாங்கினவங்க காத்திருக்கட்டும்."