இழுப்பு நீங்கலாக

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவரை பத்துமலைக்குப் பிள்ளை வைத்தியம் ஒரு கவலையே இல்லை. காய்ச்சலோ, கட்டியோ, வயிற்றுக்கடுப்போ, எதுவானாலும் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசர் ஒரே மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார். சிவப்பாக இருக்கும். ஆனால் இலவசம். செமோர் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது, நிர்வாகம் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்து ஏதோ கையில் கொடுத்தது. சிவப்பு மருந்தை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்து, பளிங்குக்கல் தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்த பிறகுதான் மகள் கஸ்தூரியின் மூச்சு இழுப்பு எத்தனை பெரிய விஷயம் என்று அவனுக்கு உறைத்தது. இழுப்பு வந்தால் பிள்ளையின் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும். பார்க்கிற அப்பனுக்கு உயிரே போய் வரும். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டணம் ஒரே ஒரு வெள்ளிக் காசுதான், ஆனால் டாக்சி பிடித்து அங்கே போய்ச் சேர வேண்டும், அன்றைய வேலையும் போச்சு. பக்கத்துச் சீன டாக்டரிடம் போனால் ஒரே ஊசியில் இழுப்பு தீரும், வாரச் சம்பளமும் சேர்ந்து தீரும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு நடுவில், யாரோ சொன்னார்கள் என்று பஞ்சலிங்கத்தைத் தேடிப் போனான். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, இன்சூரன்ஸ் விற்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, பிள்ளையை ஆஸ்பத்திரியில வச்சால் செலவை கம்பெனி பார்க்கும். விளங்குதோ?"

விளங்கியது. தொகையைச் சொன்னதும் இன்னும் நன்றாக விளங்கியது. அடுப்படியில் இருந்த மனைவி செல்லாயி, கையிலிருந்த சட்டி மூடியை நழுவவிட்டாள்.

பஞ்சலிங்கம் மனம் தளரவில்லை. இன்னும் மலிவாக ஒன்று பார்க்கிறேன் என்று போனார், வந்தார். ஒவ்வொரு முறையும் விலை குறைந்தது, கூடவே ஒரு நோயும் குறைந்தது. கடைசியில் பத்துமலைக்குக் கட்டுப்படியாகிற திட்டமே வந்துவிட்டது. கஸ்தூரிக்கு வராத நோய் எல்லாவற்றுக்கும் அதில் காசு உண்டு.

"இழுப்புக்கு?"

"இழுப்பு நீங்கலாகத்தான் தம்பி. முன்னமே இருக்கிற நோய் வருத்தத்துக்கு ஒருத்தரும் தரமாட்டினம். கம்பெனிக்கு எழுதிப் போட்டு வைப்பம், பிறகு யோசிப்பம்."

எழுதிப் போட்டார். கிணற்றில் போட்ட கல்லாக அது கிடந்தது.

இந்த நாட்டில் பிள்ளை நோயில் விழுந்தால்தான் திண்டாட்டம், செத்தால் ஒரு குறையும் இல்லை. பக்கத்துத் தெருவில் மரண சகாய நிதிச் சங்கம் இருந்தது. சந்தா சொற்பம். பிள்ளைகளும் சேரலாம். சாவு விழுந்தால் நாற்காலி, மலர்வளையம், கையில் ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத் தலைவர் பழனியப்பன் கண்ணாகக் காப்பாற்றி வந்த வெள்ளை வேன், சங்கத்தின் சாவு வண்டி. பத்துமலை சேர்ந்தான்.

"கொழந்த பேருல சாவுக்கு சந்தா கட்டிட்டு வாரீங்களே, நீங்க மனுசந்தானா?" என்று செல்லாயி ரசீதைக் கிழித்தே போட்டாள்.

அவனுக்கும் மனசு உறுத்தியது. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "அண்ணே, சீக்குப் புள்ளைங்களுக்கும் ஏதாச்சும் குடுக்கலாம்லா?" என்று கேட்டுப் பார்த்தான்.

செயலாளர் மாயாண்டி சிரித்துவிட்டார். "சீக்குக்குக் காசுன்னா நாளைக்கே ஊரு பூரா படுத்துக்கும் மச்சான். சாவுன்னா எவனும் பொய் சொல்ல மாட்டான்."

கூட்டம் கைதட்டியது. நியாயம்தானே?

தீபாவளிக் காலையில் பட்டாசுப் புகை பலகை இடுக்கு வழியே வீட்டுக்குள் புகுந்தது. கஸ்தூரிக்கு இழுப்பு கண்டது. எப்போதும் போல் இல்லை, உதடு நீலம் பாரித்தது. சீன டாக்டர் விடுமுறை விட்டுப் பினாங்குக்குப் போயிருந்தார். டாக்சி ஓட்டும் ஜெயபாலன் மாமியார் வீட்டுத் தலைதீபாவளிக்குப் பீடோருக்குப் போயிருந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்துமலை தெருவில் ஓடினான். பின்னால் எண்ணெய்த் தலையோடு செல்லாயி. பழனியப்பன் வீட்டு வாசலில், குளிப்பாட்டிச் சந்தனம் வைத்து, அந்த வெள்ளை வேன் நின்றது.

"அண்ணே, காடிய எடுங்க!"

பழனியப்பன் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். "உசுரோட இருக்க புள்ளைய இதுலயா? நல்ல நாளும் அதுவுமா? சங்கத்து ரூல்சு..."

சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வண்டி இருந்த பக்கம்கூடத் திரும்பாத செல்லாயி பின்கதவைத் திறந்து முதலில் ஏறி உட்கார்ந்தாள். "ஆபத்துக்குப் பாவமில்லண்ணே. எடுங்க!"

எடுத்தார். எடுத்ததும் ஈப்போ வழிவிட்டது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள், பேருந்து ஒதுங்கியது. சந்திப்பில் போலீஸ்காரர் மற்ற வாகனங்களை நிறுத்தி, விறைப்பாக நின்று அனுப்பிவைத்தார். செத்தவனுக்கு இந்த ஊர் கொடுக்கும் மரியாதையில் பாதி இருப்பவனுக்குக் கொடுத்தால் போதும் என்று பத்துமலை நினைத்திருக்கக்கூடும். அவன் எங்கே நினைத்தான், மகளின் நெஞ்சைப் பார்த்து முருகனை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குப் பிராணவாயு வைத்து ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். சாயங்காலம் கஸ்தூரி முறுக்குக் கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு அதே வண்டியில் திரும்பினார்கள்.

தெருமுனையில் வண்டி திரும்பியதும் வீட்டு வாசலில் ஒப்பாரி கிளம்பியது. பத்துமலையின் மகளை வண்டியில் ஏற்றியதைத் தெருவே பார்த்திருந்ததல்லவா? சங்கம் கடமை தவறவில்லை. நாற்காலிகளைப் போட்டு, மலர்வளையத்தைச் சாய்த்து வைத்து, மாயாண்டி கையில் கறுப்புப் பட்டையோடு நின்றார்.

கஸ்தூரி இறங்கினாள். "அம்மா, ஏன் எல்லாரும் அழுவுறாங்க?"

ஒப்பாரி நின்றது. ஒருத்தி மட்டும், பிடித்த ராகத்தை முடித்துவிட்டு ஓய்ந்தாள்.

மாயாண்டி சங்கடமாக அருகில் வந்தார். "மச்சான், தப்பா எடுத்துக்காத. ரூல்சுப்படி இதுக்குக் காசு கெடைக்காது..."

"வேணாம்ணே," என்றான் பத்துமலை. "எப்பவுமே கெடைக்க வேணாம்லா." அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான்.

வந்தவர்களுக்குச் செல்லாயி முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது பஞ்சலிங்கம் வந்தார். மலர்வளையத்தைக் கண்டு பதறிக் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த கஸ்தூரியைக் கண்டு மறுபடியும் மாட்டினார்.

"தம்பி, நல்ல சேதி. கம்பெனி சம்மதிச்சிட்டுது. இழுப்பு நீங்கலாக எல்லாம் உண்டு."

"அதுல வண்டி உண்டுங்களா?" என்று கேட்டாள் செல்லாயி.

"வண்டியோ? வண்டி இல்லை, பிள்ளை."

"அப்ப வேணாங்க." அவருக்கும் ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள். "நாங்க சாவுச் சங்கத்துலயே இருந்துக்கிறோம். அங்கதான் உசுரக் காப்பாத்துறாங்க."