மூணாவது தடவை

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் வக்கீல். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி. யார் எதைச் சொன்னாலும் ஓர் எதிர்க்கேள்வி போடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செரிக்காது. எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்த நாள் முதல் அவள் கேட்டதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

வரும் என்றால் பேனாவைத் திறப்பாள். வராது என்றால் மூடிவிடுவாள். அவள் மூடினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அங்கே ஓடுவது தலைக்கு மேல் இருக்கும் ஃபேன் மட்டும்தான்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுடைய மாமா, அதாவது அக்காவின் கணவர், வயரிங் காண்ட்ராக்டர். "சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிட்டு வா. வேலையை நான் கத்துத் தர்றேன். அங்க சொல்றதெல்லாம் பேப்பரோட சரி" என்று சொல்லியிருந்தார். பயிற்சி முடிந்ததும் அவரிடமே வேலை. சுவரை உடைக்கவும் ஏணியில் ஏறவும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேறெந்தக் காண்ட்ராக்டரும் தயாராக இல்லை. எல்லோரிடமும் கேட்டுப் பார்த்து வாயும் காலும் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அக்காதான் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் கொள்ளாமல் இருந்து, இந்த இடத்தைச் சாதித்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதே சைட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள் வக்கீல்.

பாடம் நடத்தியவரும் பெரிய ஞானி ஒன்றுமில்லை. இவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். சைட் வேலையிலிருந்து வந்தவர். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். மூக்குக்கு மேல் கோபம். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. மூணு தடவை.

காரணம் இதுதான். ஒரு ஒயரில் கரண்ட் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும், எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சார் அதோடு விடமாட்டார். முதலில் கரண்ட் நிச்சயமாக இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்யப் போகிற ஒயரில் வைக்க வேண்டும். அப்புறம் திரும்பவும் போய், கரண்ட் இருக்கிற இடத்தில் இன்னொரு தடவை வைத்து, டெஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"முதல் தடவை சரி சார்" என்றாள் வக்கீல். "ரெண்டாவதும் சரி. மூணாவது எதுக்கு? இதோ இப்பத்தான் எரிஞ்ச டெஸ்டர், அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

"ஆகலாம்."

"யாராவது செத்துப் போனாங்களா சார்? உங்க ஃப்ரெண்டு யாராவது?" பின்பெஞ்சு ஆவலோடு நிமிர்ந்தது. ஒரு சோகக் கதை கிடைத்தால் அரை வகுப்பு கழிந்துவிடும் அல்லவா.

"இல்ல. நான் வேலை செஞ்ச இடத்துல ஒருத்தரும் சாகல. கதை வேணும்னா வேற எங்கேயாவது போய்க் கேளுங்க."

பின்பெஞ்சு ஏமாந்து சாய்ந்தது. "அப்ப இது பரீட்சைக்கு வருமா சார்?" என்றாள் அவள்.

சாருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நீ பாடம் எடு. மூணாவது தடவை வேண்டாம்னு இத்தனை பேர் முன்னாடி நிரூபி. நிரூபிச்சுட்டா இந்தப் பாடத்தையே எடுத்துடறேன். பரீட்சைக்கும் வராது, வகுப்புக்கும் வராது."

வாயாலேயே வாழ்கிறவளிடம் இப்படிச் சொல்லலாமா? வக்கீல் வீட்டுக்குப் போய், பயிற்சிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த பக்கங்களை முதல் முறையாகப் பிரித்துப் படித்தாள். ஓட்டை தேடித்தான் படித்தாள். டெஸ்டருக்குள் என்னென்ன இருக்கிறது, எது எதோடு தொட்டுக்கொண்டிருக்கிறது, ஏன் எரிகிறது என்றெல்லாம் தெரிந்துகொண்டாள். ஒரு பாடத்தைத் தோற்கடிப்பதற்கும் அதைப் படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் ஓர் இடம் காலியில்லை. சார் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒயர் மாட்டிப் பழகும் பயிற்சிப் பலகையின் சுவிட்சை வக்கீல் எல்லோரும் பார்க்க அணைத்தாள். மாமா வாங்கிக் கொடுத்த டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சுவர் பிளக்கில் செருகினாள். பளிச்சென்று எரிந்தது.

"முதல் தடவை. எரியுது. இதை நான் மறுக்கல. இப்ப சொல்லுங்க, நல்ல நிலையில இருக்கிற ஒரு பொருளை நம்பறது தப்பா? காலையில சாப்பாடு போட்ட அம்மாவை மத்தியானம் யாருன்னு கேப்பீங்களா? சந்தேகத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?" ஒவ்வொரு கேள்விக்கும் கையிலிருந்த டெஸ்டரால் மேஜையில் ஒரு தட்டு தட்டினாள். நிஜ வக்கீல் தோற்றான். கைதட்டல் வேறு.

பலகையின் ஒயரில் வைத்தாள். எரியவில்லை. "ரெண்டாவது தடவை. கரண்ட் இல்ல. விஷயம் முடிஞ்சுது. இருந்தாலும் சார் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மூணாவது தடவையும் காட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே சுவர் பிளக்கில் செருகினாள்.

எரியவில்லை.

ஆட்டிப் பார்த்தாள். விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள். "கரண்ட் போயிடுச்சு போல" என்றாள். யாரோ ஒருவன் மேலே கையைக் காட்டினான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் தட்டிய தட்டில் உள்ளே ஸ்பிரிங் நழுவியிருந்தது. அது எந்தத் தட்டில் நழுவியது என்பது அந்த மேஜைக்குத்தான் வெளிச்சம்.

வகுப்பு சிரித்து ஓயும்வரை சார் காத்திருந்தார். "அந்தப் பலகை ஒயர்ல இப்ப கரண்ட் இருக்கா, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். சுவிட்சை அணைத்ததைச் சொல்லலாம். ஆனால் அந்தச் சுவிட்ச் சரியாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? "தெரியல" என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

சார் தன் டெஸ்டரால் பார்த்தார். மூன்று தடவையும் பார்த்தார். ஒயரில் கரண்ட் இல்லை. அவள் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, குருட்டாம்போக்கில் ஜெயித்தது மானக்கேடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு கடையில் பழைய வயரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஓரமாக நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு. லைன் செத்துடுச்சு. வெட்டு" என்றார் மாமா.

அவள் கட்டரை எடுக்கவில்லை. மெயினை அணைத்த கடையில் டெஸ்டரை எரியவிட்டுப் பார்க்க இடமில்லை; புது டெஸ்டரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அங்கே பிளக்கில் வைத்து எரிவதைப் பார்த்துவிட்டு வந்து, ஏணியில் ஏறி ஒயரில் வைத்தாள். எரியவில்லை. இறங்கித் திரும்பவும் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். "என்னம்மா, மறுபடியும் நீயா?" என்றார் ஜெராக்ஸ்காரர். எரிந்தது.

திரும்பி வந்தபோது மாமாவின் முகம் கறுத்திருந்தது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதுல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இருக்கு மாமா."

"கரண்ட் இருந்துச்சா?"

"இல்ல."

"நான் அதைத்தானே சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. இப்ப எனக்குத் தெரியும்."

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தெரியுமா? வேலைக்கு வந்த இடத்துல என் மானத்தை வாங்கறே. ஒவ்வொரு ஒயருக்கும் இப்படிப் பக்கத்துக் கடைக்கு ஊர்வலம் போறதா இருந்தா என்கிட்ட உனக்கு வேலை கிடையாது. சர்டிபிகேட்டோட வந்தாலும் கிடையாது. முடிவு பண்ணிக்கோ."

அக்காவின் வாடிய முகம் கண்முன் வந்தது. கேட்டுக் கேட்டு அலைந்த காண்ட்ராக்டர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒரு வார்த்தை, 'சரி மாமா' என்றால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"ஒவ்வொரு ஒயருக்கும் போவேன் மாமா" என்றாள். கட்டரை எடுத்து, தான் சோதித்த அந்த ஒரு ஒயரை மட்டும் சுத்தமாக வெட்டினாள். இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பிய பிறகுதான் அழுதாள்.

மறுநாள் காலை அக்கா ஃபோன் செய்தாள். "என்னடி பண்ணித் தொலைச்சே? விடிஞ்சதுல இருந்து வீட்டுல இருக்கிற பிளக்குல எல்லாம் டெஸ்டரைக் குத்திக் குத்திப் பார்த்துக்கிட்டிருக்காரு உங்க மாமா. உன்னை வேலைக்கு வரச் சொல்லட்டுமான்னு கேட்டா முறைக்கிறாரு."

"வேணும்னா அவரே கேக்கட்டும்க்கா. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு."

வேலை போன விஷயம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. வழக்கமான இடத்தை விட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். சார் வந்து கரும்பலகையில் எர்த் கம்பி என்று கிறுக்கினார். பூமிக்குள் ஏன் ஒரு கம்பியை இறக்குகிறோம் என்று ஆரம்பித்தார். பேனாக்கள் தயங்கின.

"சார், இது பரீட்சைக்கு வருமா?" என்றது பின்பெஞ்சு.

சார் பதில் சொல்வதற்குள் வக்கீல் திரும்பினாள்.

"வராது" என்றாள். "எழுதிக்கோ."