நெட்டை நாற்று

நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவளுக்குக் காலையிலிருந்தே பெருமை பிடிபடவில்லை. மற்றவற்றைவிட ஒரு விரல் நீளம் உயரமாக, மெலிந்து, வெளிர்பச்சையில் அங்கங்கே நிறைய நாற்றுகள் எழும்பி நின்றன. அவற்றை மட்டும் பொறுக்கி, பிடி பிடியாகத் தனி முடிகளாகக் கட்டி வரப்பில் அடுக்கினாள். அவை தம்பிக்கு. தனக்குக் கட்டை நாற்றே போதும். அவன் ஆளும் குட்டை, எல்லோரும் கூப்பிடுவதும் குட்டை என்றுதான். குட்டைக்கு நெட்டை நாற்று என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவன் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்த வயல். "இந்தப் போகம் எப்படி விளையுதுன்னு பார்ப்பேன், அப்புறம்தான் அடுத்த பேச்சு" என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கடைசி முடியை வாய்க்காலில் அலசும்போதுதான் பார்த்தாள். மண் போன தண்டில், கணுவில், வேர் இருக்கக் கூடாத இடத்தில் வேர். அதைச் சுற்றி, அலசியும் போகாமல், முகப்பவுடரை ஒற்றியதுபோல வெளுத்த பூஞ்சை. வேறொரு முடியைப் பிரித்தாள். அதிலும் இருந்தது. இன்னொன்றைப் பிரிக்கக் கை வரவில்லை.

விதை மருந்து விற்றவர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. "விதையை மருந்துத் தண்ணியில ஊறப் போடும்மா. இல்லேன்னா கிறுக்கு நாத்து வந்துடும். கிடுகிடுன்னு வளரும், பாதி செத்துடும், மிச்சம் பதராப் போகும்." நாற்றுக்கு ஏது கிறுக்கு என்று அன்றைக்குச் சிரித்தாள். மருந்தை வாங்கவும் வாங்கினாள். ஊறப்போடும் அவசரத்தில் அது சமையலறை அலமாரியிலேயே தங்கிவிட்டது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நோயைத் தேடித் தேடி, ஒன்றுகூட விடாமல் பொறுக்கி, கூடப்பிறந்தவனுக்கென்று கட்டி வைத்திருக்கிறாள்.

நிமிர்ந்தபோது வரப்போரம் தம்பியின் வண்டி நின்றது. பாதி முடிகளை ஏற்றியிருந்தான்.

"அக்கா, என்னை விட உசரமா இருக்கும் போல! நடவுக்கு ஆளுங்க வந்து நிக்கிறாங்க, கிளம்புறேன்."

"இருடா. இறக்கு."

"என்னது?"

"அந்த முடியெல்லாம் இறக்குடா." சீக்கு நாற்று என்று சொன்னால் இன்றைக்கு நட அவனுக்கு நாற்று இல்லை; கட்டை நாற்று அவள் வயலுக்கே சரியாக இருக்கும். சொல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கு வயலே இல்லை.

அவன் அவளையும் அவள் பக்கத்துக் கட்டை நாற்றுக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் இளகியது.

"அட, இவ்வளவுதானா? நல்லதையெல்லாம் எனக்குக் குடுத்துட்டு நீ கட்டை நாத்தோட நிக்கிறே. வாயத் திறந்து கேட்டா குறைஞ்சா போயிடுவே? ஆளுக்குப் பாதி."

இருப்பதிலேயே உயரமான முடிகளாக இரண்டு கையிலும் எடுத்துவந்து அவள் குவியலின்மேல் வைக்கப் போனான்.

"வைக்காதடா! அது சீக்கு நாத்துடா. மருந்துல ஊறப் போடாம விட்டுட்டேன்டா. நல்லதுன்னு நினைச்சு சீக்கையெல்லாம் உனக்கே பொறுக்கி வெச்சுட்டேன்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் சிரிப்பு நின்றது. குனிந்து, தண்டில் தொங்கிய அந்த வெள்ளை வேரைப் பார்த்தான். தூரத்து வயலில் சேற்றில் இறங்கியிருந்தவர்களில் யாரோ கையை வாயருகே குவித்துக் கத்தினார்கள்.

"குட்டை! நாத்து எங்கப்பா?"

முடிகளைக் கீழேயும் வைக்காமல், வண்டிக்கும் கொண்டுபோகாமல், கைகளை அந்தரத்தில் நீட்டியபடியே அவன் நின்றான். காற்றில் நெட்டை நாற்றுகள் அவன் முகத்தில் உரசிக்கொண்டிருந்தன.