ஜீப்புக்காக ஓர் ஓட்டம்

மூணாறு மலை அன்றைக்கு விடிந்தும் கண்ணைத் திறக்கவில்லை. எங்கு பார்த்தாலும் பனி. அந்தப் பனிக்குள் பெர்சி ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்குத்தான் அவமானம். நாள் முழுக்க எஸ்டேட் கடையில் ஸ்டூல் போட்டு உட்காருகிற உடம்பு, வேறெப்படி ஓடும்?

ஆனால் ஓடியே ஆகவேண்டும். குறித்த நேரத்துக்குள் டவுன் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அவள் ஓட்டத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னவர்கள் தருவார்கள். அந்தப் பணத்தில், டயாலிசிஸுக்குப் போகிறவர்களை மலையிறக்கிக் கொண்டுபோக எஸ்டேட்டுக்கென்று ஒரு ஜீப் வரும். பிந்தினால் ஒன்றும் கிடையாது. அவள் தம்பி டிஜோ போன வருஷம் அப்படியொரு ஜீப்புக்காகக் காத்திருந்துதான் செத்தான். ஊரிலுள்ள ஜீப்பெல்லாம் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்ட ஞாயிற்றுக்கிழமை அது. இப்போது அடுத்த வீட்டுச் சிஞ்சுவுக்கும் அதே கிட்னிக் கோளாறு.

வளைவு திரும்பியதும் பின்னால் காலடி கேட்டது. பெர்சிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. சின்ன வயசிலிருந்தே டிஜோ அக்காவுக்கு இரண்டடி பின்னால்தான் வருவான். அவள் நின்றாள், காலடியும் நின்றது. "வாடா" என்று முணுமுணுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பார்த்தால் போய்விடுவானோ என்று பயம். பச்சைத் தேயிலை வாசத்துக்குள், செத்துப்போன தம்பியோடு போவதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். மேடா பள்ளமா என்றுகூடத் தெரியவில்லை. இந்த ரோடு முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருக்கக் கூடாதா என்றிருந்தது.

அப்போது யாரோ இருமினார்கள். சந்தேகமே இல்லை, ஞானஜோதி அத்தையின் இருமல்.

திரும்பினாள். பனிக்குள், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு கூட்டம், மாதா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில். கையில் மெழுகுதிரி, பூ. ஓட்டத்துக்கு அடித்த போஸ்டரில் டிஜோ படத்தைப் போட்டது வினையாகிவிட்டது. செத்தவன் படம் போட்டால் அவர்களுக்கு அது நினைவு ஊர்வலம்தானே? ஊர்வலத்தில் முன்னால் போகிற சொந்தக்காரியை முந்தக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. தினமும் சுமையோடு மேடேறுகிற கால்கள். பெர்சியின் ஓட்டத்துக்கு அவர்கள் நடையே தாராளம்.

தம்பி இல்லை. அவன் இரண்டாம் தரம் செத்தது போல இருந்தது அவளுக்கு.

"ஏன் அத்தை, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?"

"துக்கத்துக்குச் சொல்லிட்டா வருவாவ?" என்றாள் ஞானஜோதி. "கல்லறைத் தோட்டம் வந்துட்டுட்டீ. தம்பிக்கு ஜெபமால சொல்லிட்டுப் போவோம்."

ரோட்டோரத்தில்தான் அது. டிஜோவின் சிலுவை வாசலிலிருந்தே தெரியும். அங்கே நிற்காமல் பெர்சி ஒருநாளும் போனதில்லை. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். ஜெபமாலையை எடுத்தால் அத்தை லேசில் முடிக்கிற ஆளும் இல்லை.

"வா பெர்சி. அவன் காத்துக் கெடக்காம்லா."

"சிஞ்சுவும் காத்துக் கெடக்கா அத்தை."

சிலுவையை ஒருதரம் பார்த்தாள். "கோவிச்சுக்காதடா" என்றாள். பிறகு ஓடினாள். பின்னால் யாரும் வரவில்லை. இப்போது மூச்சு இரைத்தது, முழங்கால் வலித்தது. பனி விலகி வெயில் கண்ணைக் குத்தியது.

மைதான வாசலில் நேரம் குறித்துக்கொண்டு நின்ற மலையாளிப் பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சமயம் உண்டு சேச்சி. கூட ஆரும் இல்லையா?"

"இல்ல" என்றாள் பெர்சி. அடக்கத்தன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.