ஓர் ஆள் இடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மைத்துனி சொல்லிவிடுவாள்.

எங்கள் இசைக்குழுவில் ஐந்து பேர். பாடகி, கிட்டார்காரர், டிரம்மர், நான், கீபோர்டு அண்ணன். எப்போதும் இதே வரிசையில்தான் நிற்போம். நான் வாசிப்பது பேஸ் கிட்டார். நாலே கம்பி, அடங்கிய ஒலி, கூட்டத்தில் ஒருவர் காதிலும் அது தனியாக விழாது. "நீ வாசிக்கிறது யாருக்கும் கேக்காதுப்பா. நிறுத்தினாத்தான் என்னமோ குறையுதேன்னு பாப்பாங்க" என்று டிரம்மர் கிண்டல் செய்வார்.

மைத்துனி, அதாவது என் மனைவியின் தங்கை, ஓர் அச்சகத்தின் பின்னறையில் வடிவமைப்பாளர். அவளைக் குழுவுக்குள் கொண்டுவந்தது நான்தான். அதற்கு முன் எங்கள் விளம்பரங்களில் ஆளாளுக்கு நாட்டாமை. டிரம்மர் போடும் போஸ்டரில் மண்டை ஓடும் நெருப்பும். பாடகி போடுவதில் ரோஜாப்பூ. கீபோர்டு அண்ணன் இணையப் பக்கத்தில் ஒரு வானவில்லை ஏற்றி வைத்திருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், மண்டை ஓடும் ரோஜாவும் வேறு வேறு குழு என்று நினைத்து, ஒரே மாலையில் எங்களுக்கு இரண்டு தடவை நேரம் ஒதுக்கிவிட்டார்கள். வாசித்து இறங்கினோம், சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி ஏறினோம்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த மைத்துனி, சிரித்து முடித்த கையோடு சட்டம் போட ஆரம்பித்தாள். எதை அச்சடித்தாலும், எங்கே ஏற்றினாலும், பின்னணி ஒரே கடுகு மஞ்சள். குழுவின் பெயர் கீழே இடது மூலையில், சின்னதாக, அதே எழுத்தில். ஐந்து பேரும் அதே வரிசையில், ஒரு கை தூரம் விட்டு, நேராகப் பார்த்து நிற்க வேண்டும்.

"மூஞ்சிய எப்படி வேணா வெச்சுக்குங்க, இடத்த மட்டும் மாத்தாதீங்க. பேரப் படிக்காமலே நீங்கதான்னு தெரியணும்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வைத்தவர் டிரம்மர். மண்டை ஓடு போன வருத்தம் அவருக்கு.

ஆனால் பலித்தது. கடைத்தெருவில் முகம் தெரியாதவர்கள் "நீங்க அந்த மஞ்சள் குழுதானே?" என்று நிறுத்திக் கேட்டார்கள். எங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்தது. பாட்டெல்லாம் பதிவாகிவிட்டது, புதுப் படம் எடுப்பதும் விளம்பரமும்தான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து, ஒலிபெருக்கிப் பெட்டியோடு படியில் உருண்டேன். இடது மணிக்கட்டு நொறுங்கியது. கம்பியை அழுத்துகிற கை.

உள்ளே தகடு வைத்துத் தைத்த மருத்துவர், "வண்டி ஓட்ட, சட்டை போட எல்லாம் வந்துரும். வாசிக்கிறது... பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' என் தூக்கத்தைத் தின்றது.

பார்க்க வந்த குழுவிடம், "எனக்காகக் காத்திருக்காதீங்க, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அய்யோ, அதெப்படி என்று பதறுவார்கள் என நினைத்தேன். பாடகியோ, "சரி, நீ மொதல்ல கையப் பாரு" என்றாள். அந்தச் 'சரி' எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அவர்கள் கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை.

கைப்பயிற்சிக்குப் போகப் பேருந்துக்காக நின்ற ஒரு காலையில், நிறுத்தத்தின் கண்ணாடிக்குப் பின்னால் கடுகு மஞ்சள் தெரிந்தது. ஆல்பத்தின் போஸ்டர். பாடகி, கிட்டார்காரர், டிரம்மர். அப்புறம் வெறும் மஞ்சள். அப்புறம் கீபோர்டு அண்ணன்.

பாட்டில் என் வாசிப்பு இருக்கிறது, படத்தில் நான் இல்லை. கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுவிட்டார்கள். சரி, போட்டுத் தொலையட்டும். என்னை எடுத்த பிறகு கீபோர்டு அண்ணனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி மூடக்கூடவா பொறுமை இல்லை? பல் விழுந்த வாய் மாதிரி, ஊரே பார்க்க அப்படியே விட்டிருந்தார்கள். பேருந்து வந்து போனது. நான் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எகிறினேன். "உன் தங்கச்சி பண்ணின வேலையப் பாத்தியா?"

"அவ பண்ணினத அவகிட்ட கேளுங்க. கேட்டுட்டு வந்து மிச்சம் இருந்தா என்கிட்ட கத்துங்க" என்றாள் அவள், மடிப்பதை நிறுத்தாமல்.

அச்சகத்தில் மை வாடையும் இயந்திரத்தின் சூடும். பின்னறையில் மைத்துனி தரையில் உட்கார்ந்து, ஒரு டி-ஷர்ட்டின் மஞ்சளைப் போஸ்டரின் மஞ்சளோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எடுக்கறதுன்னா சுத்தமா எடுத்திருக்கலாமே! ஓட்டை எதுக்கு?" என்றேன்.

"வாங்க மாமா. கத்தறதுக்கு முன்னாடி அந்த மேசையப் பாருங்க."

மேசையில் ஆல்பத்தின் அட்டை இருந்தது. டிரம்மருக்கும் கீபோர்டு அண்ணனுக்கும் நடுவில் மஞ்சள். நுழைவுச்சீட்டு, அதிலும் மஞ்சள். கட்டைவிரல் அளவு வட்ட ஸ்டிக்கரில் ஆட்கள் எறும்பு மாதிரி சிறுத்துப் போயிருந்தார்கள், ஆனாலும் அந்த இடம் இருந்தது. அவள் கணினியில் வீடியோவை ஓடவிட்டாள். நான்கு பேரும் ஒரு தெருவில் நடந்து வருகிறார்கள், ஓர் ஆள் இடம் அவர்களோடு கூடவே நடந்து வருகிறது.

"போஸ்டர்ல மட்டும் இருந்தா தப்பு நடந்துபோச்சுன்னு வெச்சுக்கலாம். எல்லாத்துலயும் இருந்தா அது தப்பில்ல மாமா, சட்டம். இடத்த மாத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

நான் அட்டையை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"கம்பெனிக்காரங்க நாலு பேரையும் நெருக்கி நிக்கச் சொன்னாங்க, இல்லாட்டி வேற ஆளப் போடச் சொன்னாங்க. 'அது ஓட்டை இல்ல, அங்க ஆள் இருக்கான், கொஞ்சம் வெளிய போயிருக்கான்'னு டிரம்மர் அண்ணன் மேசையத் தட்டிட்டாரு. போன்ல வர்ற சதுரப் படத்துல எடம் பத்தல. இடைவெளியக் குறைச்சா கீபோர்டு அண்ணனோட காது முழுசா வரும். காது போனாப் போகட்டும்னு அவரே சொல்லிட்டாரு."

பார்த்தேன். போயிருந்தது.

"அப்ப பேஸ் யாரு வாசிக்கிறா?"

"கீபோர்டு அண்ணன்தான், கீபோர்டுலயே, இடது கையால. பழகறாரு பாவம். வலது கையும் சேர்ந்து சொதப்புது."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"போன எடுத்தாத்தானே சொல்றது? படம் எடுக்கற அன்னிக்கும் கூப்பிட்டோம்." அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள். "கை தூரம் சரியா வரணுமே, அதுக்காக உங்க எடத்துல இத நிறுத்தினோம். அப்புறம் எடுத்துட்டோம்."

தரை துடைக்கும் நீளக் கட்டை. அதன் தலையில் நான் ஒத்திகை அறையில் விட்டுவந்த தொப்பி. டிரம்மர் அதன் தோளில், அதாவது தோள் இருக்க வேண்டிய இடத்தில், கை போட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள விட அது ஒழுங்கா நின்னுச்சு" என்றாள்.

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. என் கையைப் பற்றி மருத்துவரே நம்பிச் சொல்லாததை, இவர்கள் ஊரெங்கும் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். நான் திரும்ப வருவேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. இடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களோடு சேர நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. "தொப்பிய அழுக்காக்கிட்டீங்க" என்றேன்.

"துவைச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு கைப்பயிற்சிக்கு ஒரு நாளும் மட்டம் போடவில்லை. பயிற்சியாளரே போதும் என்று சொல்லுமளவுக்கு ரப்பர் பந்தைப் பிசைந்தேன்.

ஆல்பம் வெளியீட்டு மாலையில் சுண்டுவிரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. இருக்கிற பாட்டிலேயே மெதுவான ஒன்றை மட்டும் வாசிப்பதாகப் பேச்சு. மேடைக்குப் பின்னால் அகலமான மஞ்சள் துணி, அதில் ஆள் உயரத்துக்கு நான்கு பேர், நடுவில் அந்த ஓர் ஆள் இடம். துவைத்த தொப்பியோடு போய் டிரம்மருக்குப் பக்கத்தில் நின்றேன். கீழே முதல் வரிசையில் என் மனைவியும் அவள் தங்கையும். தங்கைக்காரி எழுந்து நின்று, ஒற்றைக் கண்ணை மூடி அளவெடுத்து, இடது பக்கம் அரையடி நகரும்படி கையைக் காட்டினாள். சட்டாம்பிள்ளை சொன்னால் மீற முடியுமா? நகர்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் இருப்பது என் கண்ணுக்குத் தெரியாது. அவள் கையை இறக்கிவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

டிரம்மர் குச்சியால் தாளம் எண்ணினார். கீபோர்டு அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தன் இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் வாசிக்க ஆரம்பித்தேன்.